நான்காவது முகவரி

பழைய மேசைக் கணினி ஒன்றின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நீல நிற விஜிஏ, பச்சையிலும் ரோஸிலும் ஸ்பீக்கர், மைக் துளைகள், நான்கைந்து யுஎஸ்பி, அவற்றோடு சதுரமாக ஒரு லேன் போர்ட். அந்தச் சதுரத்தின் மூலைகளில் பொட்டு அளவில் இரண்டு விளக்குகள். உள்ளே தங்க முலாம் பூசிய எட்டுக் கம்பிகள். வைஃபை கிடையாது. அலுவலகங்கள் கழித்துவிடும் இப்படிப்பட்ட கணினிகளைக் குறைந்த விலைக்கு வாங்கி, பிள்ளைகளின் படிப்புக்கோ கடைக்கணக்குக்கோ வைத்திருக்கிற வீடுகள் நிறைய. ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்தவர் ஹாலில் துளை போட்டு, டிவிக்குப் பக்கத்தில் ரவுட்டரை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார். கணினி இருப்பதோ உள்ளறையில். நடுவில் இரண்டு சுவர், ஒரு கதவு, சுவரில் ஆணிகூட அடிக்க விடாத வீட்டுக்காரர்.

பரணில் ஒரு பழைய ரவுட்டர் கிடக்கிறது. அதில் வைஃபையும் உண்டு, லேன் துளைகளும் உண்டு. அதை உள்ளறைக்குக் கொண்டுவந்து, ஹாலின் வைஃபையை வாங்கி ஒரு முழக் கேபிளில் கணினிக்குக் கொடு என்று சொன்னால் வேலை முடிந்துவிடாதா? கேட்டால் பத்து நிமிட வேலை போலத்தான் இருக்கிறது. செய்துபார்த்தவர்களில் பலருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிருக்கும். கணினிக்கு ஐபி முகவரி கிடைக்காது. கிடைத்தால் எந்தத் தளமும் திறக்காது. தளம் திறந்தால் ஹாலில் இருக்கும் பிரிண்டர் தெரியாது. ரவுட்டர் பழுது, கேபிள் பழுது என்று பழி அலைந்துகொண்டே இருக்கும். உண்மையான முட்டுக்கட்டை 1997இல் வகுத்த ஒரு விதியில் இருக்கிறது: வைஃபை பொட்டலத்தின் மேல் எத்தனை முகவரி எழுதலாம் என்ற விதி.

அதற்குப் போகுமுன் ஒரு வரலாற்று முரணைப் பார்த்துவிடலாம். கம்பி முதலில் வந்தது, கம்பியில்லாதது பின்னால் வந்து அதோடு ஒட்டிக்கொள்ளப் பார்க்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். நடந்தது தலைகீழ். கம்பி வலைக்கு யோசனை கொடுத்ததே ஒரு ரேடியோ வலைதான்.

ஹவாய் என்பது கடலில் சிதறிக்கிடக்கும் தீவுகள். ஹோனலூலுவில் பல்கலைக்கழகத்தின் பெரிய கணினி இருந்தது. மற்ற தீவுகளில் இருந்தவர்களுக்கும் அது வேண்டியிருந்தது. தொலைபேசிக் கம்பியை நம்பிப் பயனில்லை என்று முடிவுகட்டிய நார்மன் ஆப்ராம்சனின் குழு, 1971 ஜூனில் அலோஹாநெட் என்ற ரேடியோ வலையை ஓடவிட்டது. வேகம் விநாடிக்கு 9,600 பிட். விதி மிக எளியது. எல்லா முனையங்களுக்கும் ஒரே அலைவரிசை. அனுப்ப ஏதாவது இருந்தால் உடனே அனுப்பிவிடு. மையக் கணினியிலிருந்து ஒப்புகை வருகிறதா பார். வரவில்லை என்றால் யாரோ ஒருவர் அதே நேரத்தில் பேசி இரண்டும் சிதைந்துபோயிருக்கும், கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி அனுப்பு. எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோலத் தற்செயலாக முடிவு செய். இல்லாவிட்டால் மோதிக்கொண்ட இருவரும் சரியாக ஒரே நேரம் காத்திருந்து மறுபடியும் மோதிக்கொள்வார்கள். இந்த ஒழுங்கில்லாத ஒழுங்கில் அலைவரிசையின் கொள்ளளவில் அதிகபட்சம் 18.4 சதவீதம்தான் பயன்படும் என்று கணக்கு சொன்னது. பாதிக்கும் மேல் வீண். ஆனாலும் தீவுகள் பேசிக்கொண்டன.

ராபர்ட் மெட்கால்ஃபின் முனைவர் பட்ட ஆய்வேட்டை ஹார்வர்ட் முதலில் திருப்பி அனுப்பியிருந்தது. ஆப்ராம்சனின் கட்டுரையைப் படித்து, அலோஹாவின் கணிதத்தைத் திருத்தி ஆய்வேட்டில் சேர்த்த பிறகுதான் பட்டம் கிடைத்தது. கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் அவருக்கு வேலை. கட்டடத்திலுள்ள கணினிகளை ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். 1973 மே 22 அன்று அவர் எழுதிய அலுவலகக் குறிப்பில் ஈத்தர்நெட் என்ற பெயர் வருகிறது. அலோஹாவின் காற்றுவெளியை ஒரு கேபிளுக்குள் அடைத்தால் என்ன என்பதுதான் யோசனையின் சாரம். டேவிட் பாக்ஸோடு சேர்ந்து அவர் கட்டிய முதல் வலை விநாடிக்கு 2.94 மெகாபிட் வேகத்தில் ஓடியது.

கேபிளுக்குள் வந்ததும் ஒரு பெரிய வசதி கிடைத்தது. கம்பியில் பேசிக்கொண்டே கேட்கவும் முடியும். நாம் அனுப்பியதும் கம்பியில் ஓடுவதும் ஒத்துப்போகவில்லை என்றால் மோதல் என்று அந்தக் கணமே தெரிந்துவிடும், நிறுத்திவிடலாம். மோதல் இல்லை என்றால் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்பலாம். ஆகவே அலோஹாவின் ஒப்புகை முறை ஈத்தர்நெட்டுக்குத் தேவைப்படவில்லை. 1980இல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் மூன்றும் சேர்ந்து வெளியிட்ட வரையறையில் ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் இரண்டே முகவரிகள்: பெறுநர், அனுப்புநர். ஒவ்வொன்றும் 48 பிட் நீளம். நாம் இன்று மேக் முகவரி என்று சொல்வது இதைத்தான். நடுவில் எத்தனை ஸ்விட்ச் பெட்டிகள் வந்தாலும் அவை தம் பெயரை எங்கும் எழுதுவதில்லை. வாங்கியதை வாங்கியபடியே அடுத்த கம்பியில் விடுகின்றன. கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையே நான்கு ஸ்விட்ச் இருந்தாலும் இருவருக்கும் அது தெரியாது. பழைய ரவுட்டரிடம் நாம் எதிர்பார்ப்பதும் இப்படி இருந்தும் இல்லாத ஒரு பெட்டியாக இரு என்றுதான். நெட்வொர்க் ஆட்கள் இதை பிரிட்ஜ் என்பார்கள்.

1985இல் அமெரிக்க அரசு சில அலைவரிசைப் பட்டைகளில் உரிமம் இல்லாமல் அகலப்பரப்பு ரேடியோக்களை இயக்க அனுமதித்தது. (இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு அந்த விடுதலை 2005இல் வந்தது.) ஐஇஇஇ அமைப்பு 802.11 என்ற எண்ணில் முதல் வைஃபை தரத்தை 1997இல் வெளியிட்டது. வேகம் 2 மெகாபிட். காற்றுக்குத் திரும்பியதும் ஆப்ராம்சனின் பழைய தொல்லையும் திரும்பியது. நூறு மில்லிவாட்டில் அனுப்பும் ஒரு ரேடியோ, அறைக்கு அப்பால் இருந்து வரும் அலையை மில்லிவாட்டில் கோடியில் ஒரு பங்காகத்தான் கேட்கிறது. இரண்டுக்கும் இடையே நூறு கோடி மடங்கு வித்தியாசம். தன் குரலே காதை அடைத்துவிடுவதால், அனுப்பும் நேரத்தில் மோதலைக் கேட்க வழியில்லை. அதனால் ஒப்புகையை மறுபடி கொண்டுவந்தார்கள்.

வைஃபையின் ஒப்புகை விநோதமானது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு பொட்டலம் முடிந்து 10 மைக்ரோவிநாடியில், அதாவது விநாடியில் லட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில், ஒப்புகை கிளம்பியாக வேண்டும். மென்பொருளைக் கேட்டு முடிவெடுக்கவெல்லாம் அவகாசம் இல்லை. ரேடியோ சிப் தானாகவே அனுப்பிவிடும். அந்த ஒப்புகையின் மொத்த நீளம் 14 பைட். அதில் ஒரே ஒரு முகவரிக்குத்தான் இடம்: இந்தப் பொட்டலத்தைச் சற்றுமுன் காற்றில் விட்டது யாரோ, அவருடைய முகவரி. அனுப்பியவரின் சிப் தன் பெயரில் ஒப்புகை வருகிறதா என்று அந்தச் சில மைக்ரோவிநாடிகள் காத்திருக்கும். வராவிட்டால் அதே பொட்டலத்தை மறுபடி அனுப்பும்.

இங்கேதான் முகவரிக் கணக்கு சிக்கலாகிறது. கடித உறையை எடுத்துக்கொள்ளுங்கள். பெறுநர், அனுப்புநர் என்ற இரண்டு பெயர் போதும் என்றிருந்தது ஈத்தர்நெட். வைஃபைக்கு இன்னும் இரண்டு விவரம் வேண்டும்: இப்போது இந்த உறையைக் கையில் வாங்குபவர் யார், இப்போது கையில் கொடுப்பவர் யார். மடிக்கணினியிலிருந்து பிரிண்டருக்குப் போகும் பொட்டலமும் முதலில் ஹால் ரவுட்டரின் கைக்குத்தானே போகிறது! ஆக, முழுமையாக எழுதினால் நான்கு முகவரி. ஒவ்வொன்றும் 6 பைட்.

தரத்தை வகுத்தவர்கள் சிக்கனம் பார்த்தார்கள். மடிக்கணினி ரவுட்டருக்கு அனுப்பும்போது, கடிதம் எழுதியவரும் கையில் கொடுப்பவரும் ஒரே ஆள். அதை இரண்டு முறை எழுதுவானேன்? மூன்று வரி போதும். ரவுட்டர் மடிக்கணினிக்கு அனுப்பும்போது, கையில் வாங்குபவரும் கடிதம் யாருக்கோ அவரும் ஒரே ஆள். அங்கேயும் மூன்று வரி. பொட்டலத்தின் தலையில் இரண்டு பிட்டுகள் இருக்கின்றன. உள்ளே போகிறதா, வெளியே வருகிறதா என்று அவை சொல்லும். அதைப் பார்த்து எந்த வரி யாருடையது என்று பிரித்துப் படித்துக்கொள்ளலாம். கச்சிதமான ஏற்பாடு. வைஃபையோடு பேசுகிற சாதனம்தான் கடிதத்தை எழுதிய சாதனமும் என்ற அனுமானம் மட்டும் அதற்குள் அழுத்தமாகப் பதிந்துவிட்டது.

உள்ளறைக்கு வருவோம். கடிதத்தை எழுதியது மேசைக் கணினி. காற்றில் விடுவது பழைய ரவுட்டர். ஆட்கள் இரண்டு, வரி ஒன்று.

அந்த வரியில் கணினியின் முகவரியைப் போட்டால் என்ன ஆகும்? ஹால் ரவுட்டர் அந்தப் பெயரில் யாரையும் சேர்த்துக்கொண்டதே இல்லை. 2004இல் வந்த டபிள்யூபிஏ2 பாதுகாப்பில், கடவுச்சொல் எல்லாருக்கும் ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொரு சாதனத்துக்கும் தனிச் சாவி உருவாகிறது. அந்தச் சாவியைச் சமைக்கிற பொருட்களில் மேக் முகவரியும் ஒன்று. தெரியாத முகவரிக்குச் சாவி இல்லை, பூட்டைத் திறக்க வழியில்லை. இத்தகைய பொட்டலத்துக்கு ரவுட்டர் அனுப்பும் வெளியேற்ற அறிவிப்பில் காரண எண் 7 இருக்கும்: சேராத நிலையத்திடமிருந்து வந்த பொட்டலம் என்று பொருள். பழைய ரவுட்டரின் பதிவேட்டைத் திறந்து பார்க்கிற பழக்கம் உள்ளவர்கள் இந்த ஏழைச் சந்தித்திருப்பார்கள்.

சரி, அந்த வரியில் பழைய ரவுட்டர் தன் முகவரியைப் போட்டுக்கொள்கிறது. பொட்டலம் போய்விடும், ஒப்புகையும் வந்துவிடும். ஆனால் எழுதியவர் பெயர் உறையிலிருந்து மறைந்துவிட்டது. பதில் எழுதுபவர் பழைய ரவுட்டருக்கே எழுதுவார். வந்த கடிதம் கணினிக்கா, அதே ரவுட்டரில் செருகியிருக்கும் டிவிக்கா என்று உறையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

லினக்ஸில் வைஃபை கார்டையும் லேன் கார்டையும் பிரிட்ஜாகக் கோத்துப் பார்த்தவர்களுக்கு, இந்தச் செயலுக்கு ஆதரவில்லை என்ற பொருளில் ஒரு வரி வந்து முகத்தில் அறையும். ஏன் என்று ஒரு விளக்கமும் இருக்காது. கெர்னலை எழுதியவர்கள் செய்தது நியாயம்தான். கோத்துவிட்டால் எதுவும் வேலை செய்யாது என்பது அவர்களுக்குத் தெரியும். இன்னும் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஆக, கம்பி மட்டும் உள்ள கணினிக்கு வைஃபை வாங்கிக் கொடுக்கிற பெட்டிகள் எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் இந்த ஒற்றை வரியைச் சமாளிக்கின்றன. எப்படிச் சமாளிக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் பிரிண்டர் தெரியுமா தெரியாதா என்பதெல்லாம்.

மிகப் பழைய வழி ஆள்மாறாட்டம். 2001இல் வந்த எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியில் லேன் துளை மட்டும்தான் இருந்தது. அதை வைஃபையில் சேர்க்கத் தனியாக ஒரு சிறு பெட்டி விற்றார்கள். இவ்வகைப் பெட்டிகளில் பல, கம்பியில் செருகியிருக்கும் சாதனத்தின் மேக் முகவரியை அப்படியே தன்னுடையதாக வைத்துக்கொண்டு ரவுட்டரிடம் போய்ச் சேரும். எழுதியவரும் கொடுப்பவரும் மறுபடி ஒரே ஆளாகிவிடுகிறார்கள். சுத்தமான தீர்வு, ஒரே ஒரு சாதனம் இருக்கும்வரை. நடுவில் ஒரு ஸ்விட்சை வைத்து இரண்டாவது சாதனத்தையும் மாட்டினால் அது ஊமையாகிவிடும்.

இரண்டாவது வழி, உறையை மாற்றி எழுதும் குமாஸ்தா வேலை. 2002 கடைசியில் வந்த லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீலக் கறுப்பு ரவுட்டருக்கு இதில் ஒரு பங்கு உண்டு. அதற்குள் ஓடுவது லினக்ஸ் என்று தெரியவந்து, உரிம விதிப்படி மூலநிரலை வெளியிட வேண்டியதாயிற்று. அதிலிருந்து 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி பிறந்தது. அதில் ரிலேடி என்ற சிறு நிரல் செய்யும் வேலை இது: கணினியின் பொட்டலம் வெளியே போகும்போது மேக் முகவரியை அழித்துத் தன்னுடையதை எழுதும், இன்ன ஐபி முகவரி இந்தக் கணினியுடையது என்று குறித்துவைத்துக்கொள்ளும், பதில் வரும்போது உள்ளேயிருக்கும் ஐபி முகவரியைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கும். 192.168.1.30 யார் என்று வீட்டில் எந்தச் சாதனம் கேட்டாலும், நான்தான் என்று கணினிக்குப் பதில் இதுவே குரல் கொடுக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே மேக் முகவரி இரண்டு மூன்று ஐபி முகவரிகளை வைத்திருப்பதாகத் தெரியும்.

இந்தக் குமாஸ்தா சறுக்குகிற இடம் சுவையானது. கணினி முதன்முதலில் தனக்கு ஒரு ஐபி முகவரி கேட்கிறதல்லவா, டிஹெச்சிபி என்ற முறையில்? அந்த விண்ணப்பத்துக்குள்ளேயே, உறையின் மேல் மட்டும் அல்லாமல் கடிதத்தின் உடலிலும், தன் மேக் முகவரியை எழுதிவிடுகிறது. ஹால் ரவுட்டர் உறையை விட்டுவிட்டு உள்ளே எழுதியிருப்பதைப் பார்த்து, நேராக அந்த மேக் முகவரிக்குப் பதில் போடுகிறது. அந்தப் பெயரில் வைஃபையில் யாரும் இல்லை. பதில் காற்றில் ஏறுவதே இல்லை. கணினியின் திரையில் மூலையில் மஞ்சள் முக்கோணம். கையால் ஐபி முகவரியைப் போட்டுக்கொடுத்தால் எல்லாம் ஓடும், தானாக வாங்கச் சொன்னால் ஓடாது என்று சிலர் தலையைச் சொறிவது இதனால்தான். விண்ணப்பத்தில் பதிலைப் பொது அறிவிப்பாகவே கொடு என்ற குறியைப் போட்டு அனுப்புவது மாற்றுவழி. ஒழுங்காக எழுதிய நிரல்கள் அதைச் செய்துவிடுகின்றன. ஐபிவி6க்கு ரிலேடியிடம் பதில் இல்லை.

கம்பி இல்லாமலே இதே கூத்து நடப்பதுண்டு. மடிக்கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, உள்ளே ஓடும் கற்பனைக் கணினியை வைஃபையில் பிரிட்ஜ் செய்தால், அந்தக் கற்பனைக் கணினியும் சொந்த மேக் முகவரியோடு வருகிறது. விர்ச்சுவல்பாக்ஸும் உறையைத் திருத்தித்தான் அனுப்புகிறது.

மூன்றாவது வழிதான் உலகத்தில் அதிகம் புழங்குவது. வாடகைக்கு இருப்பவர்களின் தபால் எல்லாம் வீட்டுக்காரர் பெயருக்கு மே/பா போட்டு வருவதுபோல, உள்ளறையைத் தனி வலையாக்கி, அதன் எல்லாப் போக்குவரத்தையும் பழைய ரவுட்டர் தன் ஒரே ஐபி முகவரியில் நடத்துவது. நேட் என்று பெயர். 1994இல் இகெவாங், ஃபிரான்சிஸ் இருவரும் இணைய முகவரிகள் தீர்ந்துபோகிற ஆபத்துக்கு ஒரு தற்காலிக மருந்தாக இதை எழுதினார்கள். முப்பது வருடம் தாண்டியும் தற்காலிகம் தொடர்கிறது. ரவுட்டர் மெனுவில் கிளையன்ட் மோட், டபிள்யூஐஎஸ்பி மோட் என்ற பெயர்களில் இருப்பது பெரும்பாலும் இதுதான்.

ஹாலில் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகள் என்றால் உள்ளறையில் 192.168.2 என்று வைக்க வேண்டும். கணினி 192.168.2.10 என்ற முகவரியில் 50123 என்ற போர்ட் எண்ணிலிருந்து பேசினால், பழைய ரவுட்டர் அதை 192.168.1.23, போர்ட் 40001 என்று மாற்றி அனுப்பிவிட்டு, தன் அட்டவணையில் ஒரு வரி எழுதிக்கொள்கிறது. 40001க்கு வந்த பதிலை அந்த வரியைப் பார்த்துத் திருப்பிவிடுகிறது. வைஃபையின் மூன்று முகவரி விதி இதில் எங்கும் இடிக்காது. ஹால் ரவுட்டரைப் பொறுத்தவரை உள்ளறையில் இருப்பது ஒரே ஒரு சாதனம். இரண்டு பக்கமும் ஒரே எண் வரிசையை வைத்துவிட்டால் மட்டும் பழைய ரவுட்டருக்கே குழப்பம் வந்துவிடும். இரண்டு ரவுட்டரும் தொழிற்சாலையிலிருந்து 192.168.1.1 என்ற எண்ணோடு வருவது சாதாரணம் என்பதால், தொடங்கியதும் விழும் குழி இது. பழைய பெட்டியின் எண்ணை முதலில் மாற்றுங்கள், பிறகு வைஃபையைத் தொடுங்கள்.

விலை என்னவென்றால், போக்கு ஒரு பக்கம்தான். கணினி ஹாலில் உள்ள மடிக்கணினியைக் கூப்பிடலாம். மடிக்கணினி கணினியைக் கூப்பிட முடியாது, ஏனென்றால் அட்டவணையில் அதற்கு வரி இல்லை. பிரிண்டர், டிவி போன்றவை நான் இங்கே இருக்கிறேன் என்று எழுப்பும் பொதுக்குரல் நேட்டைத் தாண்டுவதில்லை. அதனால் பிரிண்டர் பட்டியலில் வராது; அதன் ஐபி முகவரியைக் கையால் கொடுத்தால் அச்சடிக்கும். நம் ஊர் இணைப்புகள் பலவற்றில் சேவை நிறுவனமும் தன் பங்குக்கு ஒரு நேட் வைத்திருக்கிறது, 100.64 என்று தொடங்கும் முகவரிகளோடு. உள்ளறைக் கணினியின் ஒரு பொட்டலம் இணையத்தைத் தொடுமுன் மூன்று முறை பெயர் மாறுகிறது. படம் பார்க்க, படிக்க, வங்கி வேலை செய்ய இதனால் ஒரு குறையும் தெரியாது.

பரணில் ரவுட்டர் இல்லாதவர்களின் கையில் இதே பெட்டி வேறு உருவில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்து யுஎஸ்பி டெதரிங்கைப் போட்டால், போன் தன்னை ஒரு லேன் கார்டாக அறிமுகம் செய்துகொள்கிறது. ஆர்என்டிஐஎஸ் என்ற மைக்ரோசாஃப்டின் நெறிமுறை இதற்காகவே உள்ளது. பலரும் இதை மொபைல் டேட்டாவுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். போன் வைஃபையில் சேர்ந்திருந்தால் அந்த வைஃபையையே கணினிக்குக் கொடுக்கும், டேட்டா செலவில்லை. ஐபோன் இதைச் செய்யாது. அதன் ஹாட்ஸ்பாட் மொபைல் இணைப்பை மட்டுமே பகிரும். லினக்ஸை நிறுவிய பிறகு வைஃபை டிரைவர் இல்லாமல் தவிப்பவர்களுக்கு, டிரைவரைப் பதிவிறக்க முதல் உதவி இந்த போன்தான். மடிக்கணினியில் லேன் துளை இருந்தால் அதையும் இப்படி நடுவில் வைக்கலாம். விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலேயே, 1999இல், இணைப்பைப் பகிரும் வசதி வந்துவிட்டது. இன்றைய விண்டோஸில் அது மறுபக்கத்துக்கு 192.168.137.1 என்ற முகவரியைத் தானே வைத்துக்கொள்ளும். எல்லாமே நேட்.

இவ்வளவு எதற்கு, ஒரு யுஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்கிச் செருகினால் போதாதா என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கணினி என்றால் பெரும்பாலும் போதும். சொல்லப்போனால் அதுதான் சரியான வழி, கணினியே வைஃபை சாதனமாகிவிடுவதால் முகவரிச் சிக்கலே எழாது. ஆனால் டாங்கிளுக்கு டிரைவர் வேண்டும். சிசிடிவி டிவிஆர், பழைய லேசர் பிரிண்டர், ஆய்வகக் கருவி, பட்டறையிலுள்ள சிஎன்சி இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டி இவற்றில் டிரைவர் போட இடமில்லை. லேன் துளைக்கு அந்தக் கவலை கிடையாது. நாற்பது வருடமாக அது கேட்பதும் கொடுப்பதும் ஒன்றேதான்.

டாங்கிளுக்கு இயற்பியலும் எதிரி. மேசைக்கு அடியில், இரும்புப் பெட்டியின் முதுகில், சுவரைப் பார்த்தபடி அது மாட்டப்பட்டிருக்கிறது. பக்கத்துத் துளையில் யுஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க் இருந்தால் இன்னும் மோசம். அதன் அதிவேகச் சமிக்ஞை 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சலைக் கொட்டுகிறது என்று இன்டெல் 2012இல் அளந்து காட்டியது. ஒரு அடி நீட்டிப்புக் கேபிள் போட்டு டாங்கிளை மேசைமேல் கொண்டுவந்தாலே வித்தியாசம் தெரியும். பெட்டியாக இருக்கும் ரவுட்டரை எங்கே சிக்னல் நன்றாக இருக்கிறதோ அங்கே வைத்துக்கொள்ளலாம், ஆன்டெனாக்களும் தள்ளித்தள்ளி இருக்கும். அந்த இடைவெளி அழகுக்காக வைத்தது அல்ல. பொள்ளாச்சியில் பிறந்து, இந்தியக் கடற்படையில் சோனார் கட்டி, பிறகு ஸ்டான்ஃபோர்டுக்குப் போன ஆரோக்கியசாமி பால்ராஜ், தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து 1992இல் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஒரே அலைவரிசையில் பல ஆன்டெனாக்கள் வழியாகப் பல தரவோட்டங்களை ஒரே நேரத்தில் அனுப்பி, சுவர்களில் பட்டுத் தெறிக்கும் அலைகளின் வேறுபாட்டைக் கொண்டே மறுமுனையில் பிரித்தெடுக்கும் முறை. இன்று மைமோ என்று அறியப்படுவது. 2009இல் வந்த 802.11என் தரத்தோடு அது வைஃபைக்குள் வந்தது. 2014இல் பால்ராஜுக்கு மார்க்கோனி பரிசு. ஆன்டெனாக்கள் கேட்கும் அலைகள் ஒன்றுக்கொன்று வேறுபட வேண்டுமானால், அவை பாதி அலைநீளமாவது விலகியிருப்பது நல்லது. 2.4 கிகாஹெர்ட்ஸில் அது ஆறு சென்டிமீட்டர் சொச்சம். கட்டைவிரல் நகம் அளவுள்ள டாங்கிளில் அதற்கு எங்கே போவது?

வேகம் பற்றி ஒரு தவறான பேச்சு உலவுகிறது, நடுவில் பெட்டி வைத்தால் வேகம் பாதியாகும் என்று. வைஃபையில் வாங்கி வைஃபையிலேயே திருப்பிக் கொடுக்கிற ரிப்பீட்டருக்கு அது பொருந்தும். ஒரே ரேடியோ ஒவ்வொரு பொட்டலத்தையும் இரண்டு முறை காற்றில் ஏற்ற வேண்டியிருக்கிறது. வாங்கியதைக் கம்பியில் விடுகிற பெட்டிக்கு அந்த இழப்பு இல்லை. பழைய ரவுட்டரின் லேன் துளை 100 மெகாபிட் என்றால் 94ஐத் தாண்டாது என்பதுதான் அங்கே உள்ள வரம்பு.

கடைசி வழி, உறையில் நான்கு வரியும் எழுதுவது. 1997 தரத்திலேயே இதற்கு இடம் இருந்தது. தலையிலுள்ள அந்த இரண்டு பிட்டுகளின் மதிப்பும் 1 என்று இருந்தால் நான்காவது முகவரி வரும் என்று எழுதியிருந்தார்கள். எப்போது, யாரோடு, எப்படித் தொடங்குவது என்று எழுதவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் டபிள்யூடிஎஸ் என்ற ஒரே பெயரில் தனக்குத் தோன்றியபடி செய்தது. ஒரு நிறுவனத்தின் பெட்டி இன்னொன்றின் பெட்டியோடு பேசாது. இரண்டு முனையிலும் ஓப்பன்டபிள்யூஆர்டி போன்ற ஒரே மென்பொருள் இருந்தால் இது அருமையாக ஓடும்: லினக்ஸில் வைஃபை கார்டுக்கு நான்கு முகவரி நிலையை இயக்கிவிட்டால், முன்பு ஆதரவில்லை என்று மறுத்த பிரிட்ஜ் கட்டளை சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஹாலில் இருப்பது சேவை நிறுவனத்தின் பெட்டி. அதன் மென்பொருளை நாம் தொட முடியாது.

வாசல் வேறு பக்கத்தில் திறந்தது. வீட்டின் மூலைக்கு மூலை வைக்கிற மெஷ் பெட்டிகள் சந்தைக்கு வந்தபோது, பெட்டிகள் தமக்குள் பொட்டலங்களை இடம்மாற்றிக்கொள்ள நான்கு முகவரி தவிர்க்க முடியாததாயிற்று. வைஃபை அலையன்ஸ் 2018இல் ஈஸிமெஷ் என்ற சான்றிதழைக் கொண்டுவந்தது; பெட்டிகளுக்கிடையேயான முதுகெலும்பு இணைப்பில் நான்கு முகவரிப் பொட்டலங்கள் அதில் விதியாகவே உள்ளன. மெஷ் துணைப்பெட்டிகள் பலவற்றின் பின்னால் ஒரு லேன் துளை இருக்கும். அதில் மேசைக் கணினியைச் செருகினால் எந்த செட்டிங்கும் இல்லாமல் வேலை செய்யும், பிரிண்டர் தெரியும், ஹாலிலிருந்து மடிக்கணினி கூப்பிட்டாலும் கணினி பதில் சொல்லும்.

உங்கள் வீட்டுப் பெட்டி எந்த வழியைப் பின்பற்றுகிறது என்று அட்டையில் போட்டிருக்காது, கண்டுபிடிப்பது சுலபம். முதலில் மேசைக் கணினியின் ஐபி முகவரியைப் பாருங்கள். அது ஹாலில் உள்ள சாதனங்களின் எண் வரிசையில் இல்லை என்றால் நேட், மேலே பார்க்க வேண்டியதில்லை. அதே வரிசையில் இருந்தால், வைஃபையில் உள்ள மடிக்கணினியிலிருந்து அந்த முகவரிக்கு ஒரு பிங் அனுப்பிவிட்டு, கட்டளைச் சாளரத்தில் ‘ஏஆர்பி -ஏ’ என்று தட்டுங்கள். எந்த ஐபிக்கு எந்த மேக் என்று ஒரு பட்டியல் வரும். கணினியின் ஐபிக்கு எதிரே பழைய ரவுட்டரின் மேக் முகவரி இருந்தால், நடுவில் குமாஸ்தா உறையை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறார். கணினியின் சொந்த மேக் முகவரியே இருந்தால் ஒன்று ஆள்மாறாட்டம், இல்லையேல் நான்காவது முகவரி. பழைய ரவுட்டரின் இன்னொரு லேன் துளையில் வேறொரு சாதனத்தைச் செருகிப் பாருங்கள். அதுவும் தன் சொந்த மேக் முகவரியோடு பட்டியலில் வந்தால் நான்காவது வரி எழுதப்படுகிறது.